தோலோடு சேர்ந்து நீளும் மின்கடத்தி: மேசை மேல் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

முதலில் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். சுட்டுவிரலை நேராக நீட்டி, நடுக்கணுவின் முதுகுப்பக்கத்தில், கணுவுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். இப்போது விரலை முழுவதும் மடக்குங்கள். தோலின் மேல் ஒரு நூலைப் படியவைத்து மறுபடியும் இடைவெளியை அளந்து பாருங்கள். என் விரலில் 20 மில்லிமீட்டர் 27 ஆனது. அதாவது 35 சதவீத நீட்சி. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை இது நடக்கிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

செம்புக் கம்பியால் இதில் நூறில் ஒரு பங்குகூடத் தாங்க முடியாது. அரை சதவீதம் நீட்டுவதற்குள்ளேயே அது பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையை இழந்துவிடும். விறைப்பைக் கணக்கிட்டால் செம்புக்கு ஏறக்குறைய 120 கிகாபாஸ்கல். தோலின் விறைப்பு உடலின் இடத்துக்கும் அளக்கும் முறைக்கும் தகுந்தபடி மாறும். நூறு கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டாலும் செம்பு அதைவிடப் பத்து லட்சம் மடங்கு விறைப்பானது. இரண்டையும் ஒன்றாக ஒட்டிவைத்தால் தோற்பது எப்போதும் தோல்தான்.

நான் இந்த வேலைக்குள் வந்ததே என் அத்தையின் கையால்தான். பக்கவாதத்துக்குப் பிறகு விரல் பயிற்சிக்காக அவருக்கு ஒரு கையுறை வாங்கினோம். விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பதற்காக அதற்குள் பிளாஸ்டிக் பட்டைகள் வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தப் பட்டைகள் வளையும், நீளாது. பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டு, "இது கையைக் கடிக்கிறது கண்ணு" என்றார். புதுச் செருப்பைச் சொல்வதுபோலச் சொன்னார். அளவுகள் எல்லாம் சரியாகத்தான் வந்தன. ஆனால் அணிய முடியாத கருவி எவ்வளவு துல்லியமாக அளந்து என்ன பயன்?

இந்தக் கட்டுரையில் இரண்டு பொருள்களைச் செய்யப்போகிறோம். ஒன்று கரி கலந்த ரப்பர், மற்றொன்று ரப்பருக்குள் அடைத்த திரவ உலோகம். இரண்டையும் ஒரு கல்லூரி ஆய்வகத்திலோ, காற்றோட்டமுள்ள அறையில் ஒரு மேசையிலோ செய்துவிடலாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நீளும் பொருளைச் செய்வதைவிட, அந்த மென்மையான பொருளும் கடினமான கம்பியும் சேரும் இணைப்பைச் செய்வதுதான் கடினம். புதிதாக வருபவர்களின் பட்டைகளில் பெரும்பாலானவை உயிரை விடுவது அந்த ஒரு சென்டிமீட்டரில்தான். ஆகவே அந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மூன்று வழிகள்

நீளாத உலோகத்தை நீளவைக்கும் முதல் வழி வடிவம். மெல்லிய உலோக இழையைப் பாம்புபோல் வளைத்து ரப்பரில் பதித்தால், இழுக்கும்போது உலோகம் நீளாமல் வளைவுகள் மட்டும் விரியும். 2011-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர், பச்சை குத்தியதுபோல் தோலில் ஒட்டிக்கொள்ளும் மின்சுற்றை இந்த வழியில்தான் செய்தார்கள். இதற்குத் தூசி புகாத தூய்மை அறையும் உலோகப் படலம் படியவைக்கும் கருவிகளும் வேண்டும். வீட்டு மேசைக்கு ஒத்துவராது.

இரண்டாவது வழி கலவை: ரப்பருக்குள் கடத்தும் துகள்களைக் கலப்பது. 2008-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகாவோ சோமேயா குழு கார்பன் நானோகுழாய்களை ரப்பரோடு கலந்து, நீளும் மின்சுற்றுக்குக் கம்பிகளாகப் பயன்படுத்தியது. வெள்ளித் துகள் கலந்த ரப்பர் மை பின்னால் வந்தது. மூன்றாவது வழி, நீட்டினால் உடைய வாய்ப்பே இல்லாத ஒன்றைக் கடத்தியாக எடுத்துக்கொள்வது, அதாவது திரவம். கடத்தும் பாலிமர்களும் நீர்க்கூழ்களும் இன்னும் வேறு கிளைகள். அவை அழகானவை என்றாலும் ஈரப்பதத்துக்கு மிகவும் மசிபவை. முதல் மாதத்தில் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

ரப்பரைத் தேர்ந்தெடுப்பது

வாங்க வேண்டியது பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிக்கோன் ரப்பர். ஏ, பி என்று இரண்டு புட்டிகளாக வரும். சினிமா ஒப்பனைக்காரர்களும் சிற்ப அச்சு எடுப்பவர்களும் வாங்கும் கடைகளிலேயே கிடைக்கும். ஈக்கோஃப்ளெக்ஸ் 00-30 இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் இடம். ஏ, பி இரண்டையும் சம அளவில் கலந்தால் போதும். கலந்த பிறகு 45 நிமிடம் கையாளலாம், 4 மணி நேரத்தில் இறுகிவிடும், தன் நீளத்தைப்போல் ஒன்பது மடங்கு கூடுதலாக நீண்ட பிறகுதான் அறும். இருமடங்கு நீளத்துக்கு இழுக்க ஏறக்குறைய 70 கிலோபாஸ்கல் அழுத்தம் போதும். தோலுக்கு இவ்வளவு நெருங்கிய பொருள் இந்த விலையில் வேறு கிடைப்பது அரிது. இணைப்புகளுக்காக இதைவிட விறைப்பான டிராகன் ஸ்கின் 30 போன்ற ஒன்றும் கொஞ்சம் வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிளாட்டினம் வகை சிலிக்கோனுக்கு ஒரு பரம எதிரி உண்டு: கந்தகம். மஞ்சள் நிற லேடெக்ஸ் கையுறையில் கந்தகம் இருக்கிறது. நான் முதன்முதலில் வார்த்த தகடு இரண்டு நாள் கழித்தும் அல்வாவைப்போல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கலவை விகிதம் தப்பிவிட்டது என்று நினைத்து மூன்று முறை மறுபடியும் எடைபோட்டேன். குற்றவாளி என் கையிலேயே இருந்தது. நைட்ரைல் அல்லது வினைல் கையுறை மட்டும் அணியுங்கள். கந்தகம் கலந்த களிமண்ணில் அச்சு செய்யாதீர்கள். வெள்ளீயம் கலந்து இறுகும் வேறு வகை சிலிக்கோனுக்குப் பயன்படுத்திய கிண்ணத்தையும் கரண்டியையும் இதற்கு எடுக்காதீர்கள். பிசின் வகை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்த அச்சுகளும் இதே தொல்லையைக் கொடுக்கும்.

கரி ரப்பர்

கலப்பதற்கு வேண்டியது கடத்தும் வகை கார்பன் பிளாக். விளக்குக் கரியோ, பெயின்ட் கடையில் கிடைக்கும் கறுப்புச் சாயமோ உதவாது. கடத்தும் வகையில் துகள்கள் திராட்சைக் கொத்துபோல் கிளைவிட்டு ஒட்டியிருக்கும். அந்தக் கிளைகள் ஒன்றையொன்று தொடும்போதுதான் மின்சாரத்துக்கு வழி கிடைக்கிறது. இதை ஆற்றைக் கடப்பதுபோல் நினைத்துக்கொள்ளலாம். நீருக்கு மேல் பத்துக் கற்கள் இருந்தாலும் அக்கரை சேர முடியாது. இன்னும் இருபது கல் போட்டாலும் முடியாது. பிறகு ஏதோ ஒரு கல்லைப் போட்டதும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு பாதை அமைந்துவிடும். கரி அளவைக் கூட்டிக்கொண்டே போகும்போது மின்தடையும் அப்படித்தான். நெடுநேரம் அசையாமல் இருந்து, ஓர் இடத்தில் திடீரென்று பல ஆயிரம் மடங்கு விழும். அந்த இடம் எங்கே என்று நீங்கள் வாங்கிய கரியை வைத்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். எடையில் 6, 8, 10, 12 சதவீதம் என நான்கு சிறு பட்டைகள் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு நாள் வேலை, பின்னால் ஒரு மாதக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

கார்பன் பிளாக் காற்றில் பறக்கும் தூள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவற்றில் வைத்திருக்கிறது. மின்விசிறியை நிறுத்துங்கள், என்95 முகக்கவசம் அணியுங்கள், புட்டியைக் குலுக்காதீர்கள். சிலிக்கோனுக்குள் போய்விட்ட பிறகு அது பறக்காது.

10 சதவீதக் கலவை என்று வைத்துக்கொண்டால் செய்முறை இதுதான்:

1. ஒரு கிண்ணத்தில் ஏ பகுதி 9 கிராம், இன்னொன்றில் பி பகுதி 9 கிராம். ஒவ்வொன்றிலும் 1 கிராம் கரி. இரண்டையும் தனித்தனியே பிசையுங்கள். ஏ-யும் பி-யும் சந்திக்கும்வரை இறுகும் கடிகாரம் ஓடாது என்பதால் நிதானமாகச் செய்யலாம்.

2. தட்டையான கரண்டியால் கிண்ணத்தின் சுவரோடு அழுத்தித் தேய்த்துப் பிசையுங்கள். முதலில் பிட்டு மாவுபோல் உதிரும். ஏழெட்டு நிமிடத்தில் ஒன்றுசேர்ந்து பளபளப்பான பசையாகும். பசையைக் கண்ணாடித் துண்டில் மெல்லிதாக இழுத்துப் பார்த்தால் கட்டிகள் தெரியும். தெரியாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் அரைத்தால் அந்தத் திராட்சைக் கொத்துகள் உடைந்து கடத்துத்திறன் குறையும். கரைப்பான் ஊற்றி இளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் முறைக்கு வேண்டாம். ஆவியும் தீயும் இன்னொரு கவலை.

3. ஓ.எச்.பி. தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, இரண்டு ஓரங்களிலும் அரை மில்லிமீட்டர் உயரத்துக்கு டேப்பை அடுக்குங்கள். கரி கலக்காத சிலிக்கோனைக் கலந்து நடுவில் ஊற்றி, எஃகு அளவுகோலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். இது அடிப்படலம். காற்றுக்குமிழ் நீக்க வெற்றிடப் பம்பு இல்லாவிட்டால், உயரத்திலிருந்து நூல்போல் ஒழுகும்படி ஊற்றுங்கள். பெரும்பாலான குமிழ்கள் வழியிலேயே உடைந்துவிடும்.

4. அடிப்படலத்தைத் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அந்தப் பதம் வந்ததும் கரிப் பசைகள் இரண்டையும் கலந்து, 10 மில்லிமீட்டர் அகலம், 60 மில்லிமீட்டர் நீளம் வெட்டிய தாள் அச்சின் வழியே அரை மில்லிமீட்டர் கனத்துக்கு வழியுங்கள்.

5. கரிப்பசை ஈரமாக இருக்கும்போதே இரண்டு முனைகளிலும் இணைப்புத் துணியைப் பதியுங்கள். பிறகு மேலே இன்னொரு வெறும் சிலிக்கோன் படலம்.

மறுநாள் காலை பட்டையை உரித்தெடுத்து மல்டிமீட்டரில் பாருங்கள். சில ஆயிரம் ஓம் முதல் சில பத்தாயிரம் ஓம்வரை காட்டினால் நன்றாக வந்திருக்கிறது. லட்சங்களில் காட்டினாலோ, எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாலோ, கரியைக் கூட்ட வேண்டும்.

ஐந்தாவது படிக்குள் நுழைந்து பார்ப்போம்

இணைப்புத் துணி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதற்கு வந்து சேர எனக்குப் பல வாரங்கள் ஆயின. முதல் பட்டைகளில் வெறும் செம்புக் கம்பியைக் கரிக்குள் செருகியிருந்தேன். முதல் முறை இழுத்தபோது அளவு அழகாக ஏறியது. இருபதாவது முறை எண்கள் தாறுமாறாகத் துள்ளின. கலவையைத்தான் சந்தேகித்தேன். கரி அளவை மாற்றினேன், பிசையும் நேரத்தை மாற்றினேன். கடைசியில் பிளேடால் பட்டையைக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தேன். கம்பியைச் சுற்றி ஒரு சிறு குகை இருந்தது, ஆடும் பல்லைச் சுற்றி ஈறு விலகியிருப்பதுபோல். ரப்பர் இழுபடும்போது மெலிகிறது, கம்பி மெலிவதில்லை. ஒவ்வொரு இழுப்பிலும் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்திருக்கிறார்கள். சிலிக்கோன் எதனோடும் எளிதில் ஒட்டாது. வழவழப்பான உலோகத்தோடு ஒட்டவே ஒட்டாது.

ஒட்டாத இடத்தில் பின்னிக்கொள்ளவைப்பதுதான் வழி. வெள்ளி பூசிய நைலான் துணி மீட்டர் கணக்கில் விற்கிறது. அதில் 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, 15 மில்லிமீட்டர் உள்ளேயும் 15 மில்லிமீட்டர் வெளியேயும் இருக்கும்படி கரிப்பசையில் அழுத்துங்கள். பசை நெசவின் கண்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்து இறுகும். அதன் பிறகு துணியைப் பிய்க்க வேண்டுமானால் ரப்பரையே கிழித்தாக வேண்டும். வெளியே நீட்டியிருக்கும் முனையில் சாலிடர் வைக்க முயல வேண்டாம், நைலான் உருகிவிடும். தையல் கடையில் கிடைக்கும் உலோக டிச் பட்டனை அந்த முனையில் அடித்துவிடுங்கள். எதிர்ப் பட்டனில் கம்பியை முன்கூட்டியே சாலிடர் வைத்துக்கொண்டால், பட்டையை மாட்டலாம், கழற்றலாம், துடைக்கலாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கைபேசி சார்ஜர் வயர் எங்கே அறுகிறது? நடுவில் அறுவதில்லை, பின்னுக்குப் பக்கத்தில் கழுத்தில்தான். கடினமான பொருள் முடிந்து மென்மையான பொருள் தொடங்கும் கோட்டில் இழுவிசை முழுவதும் வந்து குவிகிறது. அதனால்தான் அந்தக் கழுத்தில் வளையம் வளையமாக ஒரு ரப்பர் உறை போட்டிருக்கிறார்கள். நம் பட்டைக்கும் அப்படி ஒரு கழுத்து வேண்டும். விறைப்பான சிலிக்கோனை இணைப்பின் மேலும் கீழும் நாக்கு வடிவத்தில் பூசுங்கள். துணி முடியும் இடத்தையும் தாண்டி 10 மில்லிமீட்டர்வரை அது போகட்டும், போகப்போக மெலிந்து கூராக முடியட்டும். இப்போது கடினம், அரைக் கடினம், மென்மை என்று படிப்படியாக இறங்குகிறது. இந்தக் கழுத்தைப் போட்ட பிறகு என் பட்டைகள் இணைப்பில் பிய்வது நின்றுபோனது. கலவையில் நான் செய்த எந்த மாற்றமும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

இழுத்துப் பார்ப்பது

ஒரு மரப்பலகை, ஒரு எஃகு அளவுகோல், இரண்டு கிளிப்புகள் போதும். 0, 10, 20, 30, 50 சதவீதம் என்று ஏற்றி ஒவ்வொன்றிலும் பத்து நொடி நிறுத்தி மின்தடையைக் குறியுங்கள். அதே வழியில் இறக்கியும் குறியுங்கள். ஏறிய வளைகோடும் இறங்கிய வளைகோடும் ஒன்றன் மேல் ஒன்று விழாது. பயப்பட வேண்டாம், கரி ரப்பரின் சுபாவம் அது. அறுந்த கரிப்பாதைகள் திரும்பச் சேர நேரம் எடுத்துக்கொள்கின்றன.

முதல் இழுப்பை மட்டும் நம்பாதீர்கள். துகள் கலந்த எந்த ரப்பரும் முதல் தடவை விறைப்பாகவும், அடுத்த தடவைகளில் இளகியும் நடந்துகொள்ளும். இதை முல்லின்ஸ் விளைவு என்பார்கள். புதுப் பட்டையைப் பயன்படுத்தப்போகும் நீட்சியைவிடக் கொஞ்சம் அதிகமாக ஐம்பது முறை இழுத்துவிட்டு, அதன் பிறகே அளவு எடுங்கள். புதுச் செருப்பைக் காலுக்குப் பழக்குவதைப் போலத்தான்.

பிறகு ஆயிரம் முறை. கையால் வேண்டாம். பழைய கார் உதிரிபாகக் கடையில் ஒரு வைப்பர் மோட்டார் வாங்கி, 12 வோல்ட் கொடுத்து, அதன் அச்சில் ஒரு சிறு கைப்பிடித் தண்டைப் பொருத்தினால் முன்னும் பின்னும் இழுக்கும் இயந்திரம் தயார். நிமிடத்துக்கு 40 சுற்று என்றால் ஆயிரம் இழுப்பு 25 நிமிடத்தில் முடிந்துவிடும். இழுக்காத நிலையில் மின்தடை தொடக்கத்தில் எவ்வளவு, ஆயிரத்துக்குப் பிறகு எவ்வளவு என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்குக்குள் மாறியிருந்தால் நான் திருப்தி அடைவேன்.

அளவை அர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையில் படிக்க மின்னழுத்தப் பகுப்பான் சுற்று ஒன்றே போதும்: 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே பட்டையையும் ஒரு நிலையான மின்தடையையும் வரிசையாக இணைத்து, நடுப்புள்ளியைப் படியுங்கள். நிலையான மின்தடையின் மதிப்பு பட்டையின் மதிப்புக்கு அருகில் இருக்கட்டும். கரி ரப்பர் ஒரு நல்ல முதல் பொருளாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதன் மாற்றம் பெரியது. சாதாரணக் கருவியே பார்த்துவிடும்.

திரவ உலோகம்

கரி ரப்பர் விரல் மடங்கியதா இல்லையா என்று சொல்லிவிடும். எத்தனை டிகிரி மடங்கியது, நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்று கேட்டால் தடுமாறும். அத்தைக்கு வேண்டியிருந்தது இரண்டாவது கேள்விக்கான பதில். அதற்குத்தான் கேலியம்.

1871-இல் மெண்டலீவ் தன் அட்டவணையில் அலுமினியத்துக்குக் கீழே ஒரு காலியிடம் விட்டு, இங்கே ஓர் உலோகம் இருக்க வேண்டும் என்றார். 1875-இல் அது கிடைத்தது. தூய கேலியம் 29.8 டிகிரி செல்சியஸில் உருகும், உள்ளங்கைச் சூடே போதும். எடையில் முக்கால் பங்கு கேலியம், கால் பங்கு இண்டியம் கலந்தால் உருகுநிலை 16 டிகிரிக்கும் கீழே இறங்கும். பாதரசத்தைப்போல் அறைவெப்பத்தில் ஆவியாகி நுரையீரலுக்குள் போவதில்லை. செம்பின் கடத்துத்திறனில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு இதற்கு உண்டு. திரவத்துக்கு அது மிக அதிகம்.

இதன் அருமை அதன் தோலில் இருக்கிறது. காற்றுப் பட்ட கணமே மேலே சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். பாலின் மேல் ஆடை படிவதுபோல்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நுண்ணிய குழாய்க்குள் அழுத்தினால் அந்த ஆடை கிழிந்து உலோகம் ஓடும். அழுத்தத்தை எடுத்தால் ஆடை மறுபடியும் மூடி, உலோகம் அப்படியே நின்றுவிடும். மைக்கேல் டிக்கி, ஜார்ஜ் வைட்சைட்ஸ் முதலியோர் 2008-இல் இதை விவரமாக எழுதிய பிறகுதான் நீளும் மின்கம்பிக்கு இந்தக் கலவை பரவலாகப் பயன்பட ஆரம்பித்தது.

குழாய் செய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு, அரை மில்லிமீட்டர் தடிமனில் வாங்குங்கள். அச்சின் நடுவில் விறைப்பாகக் கட்டி, சுற்றிலும் சிலிக்கோன் ஊற்றி இறுகவிடுங்கள். பிறகு ரப்பரைப் பிடித்துக்கொண்டு நரம்பை மெதுவாக உருவுங்கள். வெண்ணெயிலிருந்து முடியை எடுப்பதுபோல் வராது, கொஞ்சம் அடம்பிடிக்கும். சீராக, விடாமல் இழுங்கள். வந்தபின் உள்ளே வழவழப்பான ஒரு குழாய் மிஞ்சும்.

10 சென்டிமீட்டர் நீளக் குழாயை நிரப்ப 0.02 மில்லிலிட்டர் போதும், எடையில் 0.12 கிராம். ஆகவே 10 கிராம் வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும். 25 கேஜ் ஊசி ஒன்றைக் காற்று வெளியேறுவதற்காக ஒரு முனையில் செருகுங்கள். மறுமுனையில் சிரிஞ்சோடு கூடிய ஊசியைச் செருகி மெல்ல அழுத்துங்கள். சாம்பல் நிறப் பளபளப்பு குழாயின் வழியே ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். நான் எத்தனை முறை செய்தாலும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். நிரம்பியதும் ஊசிகளை எடுத்துவிட்டு, முனைகளில் கம்பிகளைச் செருகி, விறைப்பான சிலிக்கோனால் மூடி, மேலே சொன்ன கழுத்தையும் போடுங்கள். கேலியம் காலப்போக்கில் செம்பையும் மெல்லத் தின்னும். பழகுவதற்குச் செம்பு போதும். ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியதற்குத் துருப்பிடிக்காத எஃகு நல்லது.

கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டியது: அலுமினியத்துக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு சொட்டு பட்டால் கேலியம் உலோகத்தின் துகள்களுக்கு நடுவே புகுந்து, உறுதியான அலுமினியத்தை அப்பளம்போல் நொறுங்கவைத்துவிடும். மடிக்கணினியின் உடல், சாளரச் சட்டம், சமையலறைப் பாத்திரம் எல்லாவற்றையும் மேசையிலிருந்து அப்புறப்படுத்துங்கள். விமானத்தில் எடுத்துச்செல்ல நினைக்கவே வேண்டாம்.

இப்போது அளவைக்கு வருவோம். கணக்கு மிகச் சுத்தமானது. குழாயை இழுத்தால் நீளம் கூடும், கன அளவு மாறாததால் குறுக்குப்பரப்பு அதே விகிதத்தில் குறையும். எனவே மின்தடை நீட்சி விகிதத்தின் இருமடியாக உயரும். இருமடங்கு நீட்டினால் நான்கு மடங்கு, 30 சதவீதம் நீட்டினால் 1.69 மடங்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் கிட்டத்தட்ட ஒரே கோடு. கரி ரப்பரோடு மல்லுக்கட்டியவருக்கு இது பெரிய ஆறுதல்.

சிக்கல் என்னவென்றால் மதிப்பு மிகச் சிறியது. நம் 10 சென்டிமீட்டர் குழாயின் மின்தடை 0.15 ஓம்தான். மல்டிமீட்டரின் சோதனைக் கம்பிகளுக்கே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதனால் நான்கு கம்பி முறையில் அளக்க வேண்டும். இரண்டு கம்பிகள் மின்னோட்டத்தைக் கொண்டுவரும். வேறு இரண்டு கம்பிகள் உலோகத்துக்குள்ளேயே தொட்டு, அங்கே விழும் மின்னழுத்தத்தை மட்டும் படிக்கும். அவற்றில் மின்னோட்டம் ஓடாததால் அவற்றின் மின்தடை கணக்கில் வராது. 5 வோல்ட்டிலிருந்து 47 ஓம் வழியே ஏறக்குறைய 100 மில்லியாம்பியர் அனுப்புங்கள். அந்த மின்தடை அரை வாட்டுக்குமேல் சூடாகும் என்பதால் 1 வாட் வகையாக வாங்குங்கள். மின்னோட்டத்தைப் பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து எடுக்க வேண்டும். சமிக்ஞை முனைகள் இவ்வளவைத் தாங்காமல் எரிந்துபோகும்.

குழாயின் மேல் விழுவது 15 மில்லிவோல்ட். அர்டுயினோ ஊனோவின் ஒரு படி, அதாவது அது பிரித்துப் பார்க்கும் மிகச் சிறிய மாற்றம், 4.9 மில்லிவோல்ட் என்பதால் அதற்கு இது மூன்றே படி. விரல் 30 சதவீதம் நீண்டால் ஐந்து படி. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ் 1115 என்ற 16 பிட் சில்லை நடுவில் வைத்து, பெருக்கத்தை 16 ஆக அமைத்தால் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட். இப்போது அதே விரல் ஏறக்குறைய 1,900-லிருந்து 3,200-க்கு நகரும். விரல் கொஞ்சம் அசைந்தாலும் எண் அசையும்.

தோலில் வைப்பதற்கு முன்

சிலிக்கோன் தோலுக்குப் பாதுகாப்பானது என்று புட்டியில் எழுதியிருக்கலாம். நீங்கள் செய்த கலவைக்கு அந்த உறுதிமொழி செல்லாது. கரிப்படலமும் உலோகமும் தோலைத் தொடாதபடி எல்லாப் பக்கமும் வெறும் சிலிக்கோன் மூடியிருக்க வேண்டும். முதலில் முன்கையின் உள்பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். சிவந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். தோல் வியாதி உள்ளவர்கள், உணர்ச்சி மங்கிய கால் உள்ள நீரிழிவு நோயாளிகள் மீது மருத்துவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எதையும் ஒட்ட வேண்டாம். வலித்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

வியர்வையும் பெரிய பிரச்சினை. முழுப்படலமாக மூடினால் அடியில் ஈரம் தங்கி, சில மணி நேரத்தில் அரிக்கத் தொடங்கும். சோமேயா குழு 2017-இல் இதற்கு ஒரு விடை கண்டது: நீரில் கரையும் நாரிழைகளைப் பின்னி, அதன்மேல் தங்கம் படியவைத்து, தோலில் வைத்து நீர் தெளித்தார்கள். இழை கரைந்து, காற்றோட்டமுள்ள தங்க வலை மட்டும் தோலோடு மிஞ்சியது. 20 பேர் ஒரு வாரம் அணிந்தும் அரிப்போ வீக்கமோ இல்லை. நம் மேசையில் தங்க வலை செய்ய முடியாது. ஆனால் பட்டையை அகலமான தகடாக வார்க்காமல் குறுகலாக வைத்து, மெல்லிய பருத்திக் கையுறையின் மேல்பக்கத்தில் தைக்கலாம். தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே துணி இருக்கும், காற்றும் போய்வரும். அத்தையின் கையுறைக்கு அப்படித்தான் செய்தேன். முதல் நாள் காலை அணிந்துகொண்டவர், கழற்ற மறந்துபோய் அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் ஒரு சின்ன வேலை உண்டு. எந்தப் பேனாவின் மையும் சிலிக்கோனில் நிற்காது. பத்துப் பட்டைகள் செய்து மேசையில் வைத்தால் எது 8 சதவீதம், எது 10 சதவீதம் என்று இரண்டே நாளில் தெரியாமல் போகும். தேதி, கரி அளவு, வார்த்த வரிசை எண் மூன்றையும் ஒரு சிறு தாள் துண்டில் பென்சிலால் எழுதி, மேல்படலம் இறுகும் முன்பே அதைப் பட்டையின் ஓரத்துக்குள் புதைத்துவிடுங்கள். பட்டை எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவு நாள் எழுத்தும் இருக்கும்.